நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எல்லாருக்கும் ஆகுமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள டாக்டர் சார்பிட்ரேட் கொடுத்திருக்கிறார். வீட்டில் வேறு யாருக்கு நெஞ்சு வலி வந்தாலும் அதையே கொடுத்துவிடலாம், உயிர் பிழைத்துவிடும் என்கிறார் சித்தப்பா. சரிதானா?

பதில்: சித்தப்பா நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் வேண்டாம். சார்பிட்ரேட் நைட்ரேட் வகை மருந்து. அது ரத்தக் குழாய்களை, முக்கியமாகச் சிரைகளை, தளர்த்திவிடும். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையும், இதயத்தின் வேலை குறையும், வலியும் குறையும். ரத்த அழுத்தமும் கூடவே இறங்கும், சிக்கல் அங்கேதான். மாரடைப்பு இதயத்தின் வலது பக்கத்தைத் தாக்கியிருந்தால், அந்த இதயம் திரும்பி வரும் ரத்தத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதையும் குறைத்தால் ஆள் மயங்கி விழுந்துவிடலாம். அதனால்தான் அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் பிரஷரும் ஈசிஜியும் பார்க்கிறார்கள், மேல் அளவு 90-க்குக் கீழே இருந்தால் இந்த மருந்தைத் தொடுவதில்லை. இன்னொன்று, பலர் வாய் திறந்து சொல்லாதது: ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரம், தடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் வரை நைட்ரேட் கூடவே கூடாது. டாக்டர் கேட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

உயிர் பிழைக்கும் என்பதும் மிகை. மாரடைப்புக்குக் காரணமான ரத்தக் குழாய் அடைப்பை இந்த மாத்திரை கரைக்காது. 58,000-க்கும் அதிகமான மாரடைப்பு நோயாளிகளை வைத்து நடத்தி 1995-இல் வெளியிட்ட ஐசிஸ்-4 ஆய்வில், எல்லாருக்கும் வழக்கமாக நைட்ரேட் கொடுத்ததால் இறப்பு சொல்லும்படி குறையவில்லை. பிரஷர் எகிறி, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுபவருக்கு நைட்ரேட்டை டிரிப்பில் ஏற்றும்போது நன்றாக உதவும், அது வேறு கதை. மாத்திரை வைத்ததும் வலி போய்விட்டது, அப்போ இதய வலிதான் என்று முடிவு கட்டவும் முடியாது, உணவுக்குழாய் இறுக்கத்தால் வரும் வலிகூட இதற்கு அடங்கும்.

சரி, அப்பாவுக்கு வருவோம். வலி வந்தால் முதலில் உட்காரச் சொல்லுங்கள், நின்றபடி வைத்தால் தலைசுற்றி விழலாம். விழுங்கக் கூடாது, நாக்குக்கு அடியில் கரைய வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை அல்லது கூடுகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், மூன்று மாத்திரை வைத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்பது பழைய கணக்கு. அப்புறம், மாத்திரை வைத்ததும் தலை வலிக்கிறது என்று அவர் சொன்னால் பயப்படாதீர்கள், தலையிலுள்ள குழாய்களும் விரிவதால் வருவது அது.