முதலில் ஹெட்ஃபோனைக் கழற்றுங்கள்

கேள்வி: கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோர நகரங்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் சொல்லும் நூல்களை நான்கு ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எவ்வளவு படித்தும் அந்த ஊர்கள் மனத்தில் உயிர்பெறவில்லை. வீட்டில் நிம்மதியாகப் படிக்கவும் முடிவதில்லை. 1968-இல் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்த என் தந்தைக்கு இப்போது 79 வயது. என் கையில் மொம்பாசா படத்தைப் பார்த்தாலே “அங்கே நான் இறங்கியிருக்கிறேன்” என்று தொடங்கிவிடுவார். அதனால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு படிக்கிறேன். எந்த நூல்களை, எந்த வரிசையில் படிக்கலாம்?

பதில்: போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஹெட்ஃபோனை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. மொம்பாசாவை அறிய நான்கு ஆண்டுகள் செலவிட்ட நீங்கள், அந்த மண்ணை மிதித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்கும்போது காதை அடைத்துக்கொள்கிறீர்கள். இதைப் படிப்பார்வம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சொன்னதையே சொல்கிறார் என்பீர்கள். முடிவுவரை யாரும் கேட்காத கதைதான் மறுபடி மறுபடி தொடங்கும்.

பதினான்காம் நூற்றாண்டு மொரோக்கோப் பயணி இப்னு பதூதாவை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1331-இல் மொகதிசு, மொம்பாசா, கில்வா ஆகிய ஊர்களைக் கண்ட அவர், கால் நூற்றாண்டு கழிந்த பிறகு, மொரோக்கோ சுல்தானின் ஆணைப்படி, இப்னு ஜுஸய் என்னும் எழுத்தரிடம் தம் பயணத்தைச் சொல்ல, அவர் கேட்டு எழுதியதால்தான் அந்த நூல் நமக்குக் கிடைத்தது. மார்க்கோ போலோவும் ஜெனோவாச் சிறையில் உடனிருந்த ருஸ்திசெல்லோவிடம் சொன்னவர்தான். 21 வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா 1349-இல் ஊர் திரும்பியபோது தந்தையும் இல்லை, தாயும் இல்லை. கண்டதையெல்லாம் பெற்றவர்களிடம் சொல்ல அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. உங்கள் வீட்டிலோ கடல் கடந்து போய்வந்தவரே உயிரோடு இருந்து, கேட்க ஆள் தேடுகிறார். பெற்றவர் பேச்சைக் கேட்பது பிள்ளையின் கடமை. நேரம் கிடைத்தால் செய்யும் உபகாரமாக அதை நான் என்றும் கருதியதில்லை.

நூல்களின் வரிசை எளிது. இப்னு பதூதாவின் கிழக்கு ஆப்பிரிக்கப் பகுதியை முதலில் படியுங்கள். அடுத்து, அந்த மண்ணின் அரசர்களைப் பற்றி அங்கேயே எழுந்த கில்வா வரலாற்றேடு. 1593-இல் மொம்பாசாவில் இயேசு கோட்டையைக் கட்டத் தொடங்கிய போர்த்துகீசியரின் குறிப்புகள் அதற்குப் பிறகு. வெளியிலிருந்து வந்தவர் கண்டதும் உள்ளூரார் நினைவில் வைத்ததும் எங்கே வேறுபடுகின்றன என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

இவற்றையெல்லாம் தொடங்கும் முன், இன்று மாலை ஒரு குறிப்பேட்டுடன் தந்தையின் எதிரே உட்காருங்கள். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்தது. 1967 ஜூன் முதல் 1975 ஜூன் வரை ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே போயின. அந்த வழியில் அவர் போனாரா, எந்தத் துறைமுகங்களில் நின்றார், என்ன சரக்கு ஏற்றினார், அங்கே சுமை தூக்கியவர்களிடம் எந்த மொழியில் பேசினார் என்று கேட்டு, அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நூலில் வேறு மாதிரி இருக்கிறதே என்று நடுவில் மறித்துப் பேசாதீர்கள். ஆண்டு பிசகினால் ஓரத்தில் ஒரு குறி போட்டுக்கொண்டால் போதும்.