வழிகாட்டி இல்லாமல் நடக்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பயணம் போகிற இடத்தில் வழிகாட்டியோ குழுவோ இல்லாமல், வரைபடத்தைப் பார்த்து நாமாகவே நடந்துவிட்டு வரக்கூடிய சின்ன மலைப்பாதைகள், காட்டுப்பாதைகள் பற்றி நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 46. தினமும் தெருவில் அரை மணி நேரம் நடப்பதோடு சரி. 'எளிது' என்று போட்டிருக்கும் பாதையை நம்பிப் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வாரா வாரம் மலை ஏறுகிற ஒருவருக்கு எளிதாக இருப்பது உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு எண்களைத் தேடுங்கள்: மொத்தத் தூரம், மொத்த ஏற்றம். தூரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், ஏற்றத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் மூச்சு வாங்குகிறது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்கு சொல்லிவைத்தார், இன்றும் நடப்பவர்கள் அதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 8 கிலோமீட்டர் பாதை, 450 மீட்டர் ஏற்றம் என்றால் 1 மணி 36 நிமிடமும் 45 நிமிடமும் சேர்ந்து 2 மணி 21 நிமிடம் ஆகிறது. இது பழகிய கால்கள் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். நீங்கள் இதோடு இதில் பாதியையும் சேர்த்து மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவைக்கு அதுகூட வேண்டாம், 5 கிலோமீட்டருக்குள், ஏற்றம் 150 மீட்டரைத் தாண்டாத பாதையாகப் பாருங்கள்.

அப்புறம், சுற்றிக்கொண்டு கிளம்பின இடத்துக்கே வரும் பாதையைவிட, போன வழியே திரும்பி வருகிற பாதையைத்தான் முதலில் சொல்வேன். சுற்றுப்பாதையில் பாதி தூரம் தாண்டிவிட்டால் கால் வலித்தாலும் மழை வந்தாலும் முழுசாக நடந்தே ஆக வேண்டும், போன வழியே திரும்புகிற பாதையை எந்த இடத்திலும் முடித்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியமான ஒன்று, கிளம்புவதற்கு முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்துவிடுங்கள். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால், பதினொன்றேகாலுக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவது, அருவி இன்னும் பத்தே நிமிடம்தான் என்று எதிரே வருபவர் சொன்னாலும் திரும்பிவிடுவது. களைத்த நேரத்தில் எடுக்கிற முடிவு பெரும்பாலும் 'இன்னும் கொஞ்சம் போவோமே' என்றுதான் இருக்கும். அந்த முடிவை வீட்டில் தெளிவாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் மலையில் யோசிக்க வேண்டியதில்லை. இந்தப் பகுதியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நீங்கள் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

கேள்வி: வழி தவறிவிட்டால் என்ன செய்வது? கைபேசி வரைபடம் போதுமா?

பதில்: மரத்திலும் பாறையிலும் பூசியிருக்கும் வண்ணக் குறிகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஒவ்வொரு நாட்டிலும் இது ஒவ்வொரு மாதிரி. சுவிட்சர்லாந்தில் மஞ்சள் குறி சாதாரண நடைபாதை, வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் கால் உறுதியாக வைக்கத் தெரிந்தவர்களுக்கான மலைப்பாதை, வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் நம் மாதிரி ஆட்கள் போகவே வேண்டாம். அங்கே பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு நேரம் சேராது என்பதையும் கவனியுங்கள். பிரான்சின் நெடும்பாதைகளில் வெள்ளைக் கோடும் அதன்கீழ் சிவப்புக் கோடும் இருக்கும், அதே இரண்டு நிறமும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போட்டிருந்தால் அது உங்கள் வழி இல்லை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை 3,500 கிலோமீட்டருக்கு நீள்கிறது, வழி முழுக்க மரங்களில் வெள்ளைப் பட்டைதான். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால் திருப்பம் வருகிறது, கவனம் என்று பொருள்.

அந்த இரட்டைப் பட்டையை ஒரு தடவை பேச்சு மும்முரத்தில் நானும் என் அண்ணனும் பார்க்காமல் தாண்டிவிட்டோம். பாதை நன்றாகத்தான் இருந்தது, நாங்கள் நடந்துகொண்டே இருந்தோம், இருபது நிமிடம் கழித்து அது தோள் உயரப் புதருக்குள் போய்ச் சுருங்கியபோதுதான் அது விலங்குகள் போய்ப் போய் விழுந்த தடம் என்று புரிந்தது. அண்ணன் குறுக்கே இறங்கினால் பாதை கிடைத்துவிடும் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லி, வந்த வழியே நடந்து, கடைசியாகப் பார்த்த குறி இருந்த மரத்துக்கே போனோம். செய்ய வேண்டியது அதுதான். ஐந்து நிமிடமாகக் குறி எதுவும் கண்ணில் படவில்லை என்றால் நில்லுங்கள், கடைசிக் குறிக்குத் திரும்புங்கள். குறுக்குவழி என்ற எண்ணமே வரக்கூடாது.

கைபேசிக்கு வருவோம். டவர் கிடைக்காத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஏனென்றால் அது செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. ஆனால் வரைபடம் இணையத்திலிருந்து வருவது, ஆகவே அந்தப் பகுதி வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைக்காவிட்டால் வெறும் திரையில் ஒரு நீலப் புள்ளிதான் தெரியும். சிக்னல் மோசமான இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜை இழக்கும், அதனால் ஏர்ப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். கிளம்புகிற இடத்தில் பெரிய வரைபடப் பலகை இருந்தால் அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன தடவை குதிகாலில் கொப்புளம் வந்து இரண்டு நாள் நடக்க முடியவில்லை. விலை உயர்ந்த ஷூ வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பழைய ஷூவே, அடிப்பகுதி தேயாமல் பிடிமானத்தோடு இருந்தால், எளிதான பாதைக்குப் போதும். புது ஷூவோடு நேராக மலைக்குப் போவதுதான் தப்பு. கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் ஓர் இடம் மட்டும் சூடாக இருக்கிற மாதிரி தெரியும், லேசாக உறுத்தும், 'அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தோன்றும். அந்த நிமிடமே உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, அந்த இடத்தில் சுருக்கம் இல்லாமல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் கொப்புளமே வராது. பருத்தி சாக்ஸ் வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு தோலைத் தேய்க்கும், கம்பளி அல்லது செயற்கை இழை நல்லது. இறங்கும்போது கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள், விரல்நகம் முன்னால் போய் இடிக்காது.

கேள்வி: ஐந்து வயது மகனையும் 68 வயது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா?

பதில்: இந்தக் கடிதம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தாராளமாக முடியும், நெய்ஸ்மித் கணக்கை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் போனாலே நல்ல நடைதான். பெரியவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் படுத்தும், அதனால் ஏரிக்கரை, ஆற்றோரம் மாதிரி சமமான பாதையாக எடுங்கள், ஒரு கைத்தடியும் இருக்கட்டும்.

குழந்தைக்கு மலை உச்சிக் காட்சி எல்லாம் பெரிதில்லை, அவன் கண் இருக்கிற உயரமே வேறு. பாறை ஓரத்தில், மழை படாத உலர்ந்த மணலில், புனல் வடிவத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் அங்கே உட்கார்ந்துவிடுங்கள். அடியில் குழியானை இருக்கும். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்து மணல் சரிந்ததும், கீழேயிருந்து அது மணலை வாரி மேலே எறியும், எறும்பு ஏற ஏறச் சறுக்கும். பையன் கால் மணி நேரம் அசைய மாட்டான். பின்பக்கமாகவே நகர்கிற அந்தப் பூச்சிதான் பிறகு தட்டான் மாதிரி இறக்கையோடு பறக்கப்போகிறது என்று சொல்லிப் பாருங்கள். பெரணி இலையைப் பறிக்காமல் மெல்லத் திருப்பிக் காட்டுங்கள், பல வகைகளில் அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பூவே பூக்காத அந்தச் செடி அவற்றிலிருந்து உதிரும் தூள் மூலம்தான் பரவுகிறது. அம்மாவுக்கும் உட்கார ஒரு காரணம் கிடைக்கும்.

கேள்வி: நான் பெண், தனியாக நடக்க ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: அவர்கள் பயத்தைக் குறைக்க ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போங்கள். பாதையின் பெயர், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் பேசாவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், இவ்வளவும் அதில் இருக்கட்டும். திரும்பியதும் மறக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வீணாகத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நாட்டின் அவசர எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அது 112. கழுத்தில் ஒரு விசில். ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் உதவி கேட்கும் முறை நிமிடத்துக்கு ஆறு தடவை ஊதுவது, அதாவது பத்து விநாடிக்கு ஒன்று, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும். நிமிடத்துக்கு மூன்று தடவை பதில் சத்தம் கேட்டால் உங்களைக் கேட்டுவிட்டார்கள். பாதையில் ஓர் ஆளைப் பார்த்து மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் திரும்பிவிடுங்கள். ஆள் நடமாட்டம் உள்ள பாதையில், காலை வேளையில் ஆரம்பிப்பது நல்லது.

கேள்வி: நடுவழியில் இடி மின்னல் வந்தால் மரத்தடியில் நிற்கலாமா?

பதில்: தனி மரத்தடியில் நிற்கவே கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. உச்சியையும் திறந்த மேட்டையும் விட்டு உடனே இறங்குங்கள், கட்டடமோ மூடிய வண்டியோ பக்கத்தில் இருந்தால் உள்ளே போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகுதான் மறுபடி நடை.

கேள்வி: உண்ணி கடித்தால் எண்ணெய் வைக்கலாமா, சூடு காட்டலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தோலில் சிவந்த வட்டமோ வந்தால் அந்தத் தேதியோடு மருத்துவரிடம் போங்கள்.