ஒன்றரைக் கிலோமீட்டரும் ஒரு மரவட்டையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் ஏழு வயது மகளையும் நான்கு வயது மகனையும் அழைத்துக்கொண்டு வயல்வெளி வழியாக நடக்கப் போனோம். வரப்பும் வண்டிப்பாதையுமாக மூன்று கிலோமீட்டர் சென்று, ஒரு சிறு குன்றில் ஏறி, உச்சியிலிருந்து சுற்றுப்புறத்தைக் காட்டிவிட்டுத் திரும்புவது திட்டம். ஒன்றரைக் கிலோமீட்டர் போவதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. மகன் பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்தான். பிறகு நடக்கவே மறுத்தான். மகள் ‘இன்னும் எவ்வளவு தூரம்?’ என்று கேட்டுக்கொண்டே வந்தாள். குன்றின் அடிவாரத்தைக்கூடத் தொடாமல், மகனை மாறி மாறித் தூக்கிக்கொண்டு திரும்பினோம். வீடு வந்ததும் அதே மகன் இருட்டும்வரை வாசலில் ஓடினான். கைபேசியும் தொலைக்காட்சியும் எங்கள் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டனவா? இந்த வயதில் எவ்வளவு தூரம் நடக்க வைக்கலாம்? அல்லது வளரும்வரை காத்திருக்க வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நடக்க மறுத்தவன் இருட்டும்வரை ஓடினான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கால்களில் குறையில்லை. கைபேசியின் மீது ஏற்கெனவே வேண்டிய அளவு பழி இருக்கிறது. இதையும் அதன் தலையில் கட்ட வேண்டாம்.

1892ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைல் நடைக்கு ஒரு மணி நேரம், 2000 அடி ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். மலையேறுபவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் திட்டத்தின் ஆறு கிலோமீட்டர், ஏற்றத்தை விட்டுவிட்டால், அந்தக் கணக்கில் ஒன்றேகால் மணி நேரத்து வேலை. நீங்களும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணியிருப்பீர்கள். ஆனால் அது உடல்வலுவுள்ள பெரியவர்களுக்காகச் சொல்லப்பட்டது. நான்கு வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 1 மீட்டர். உங்கள் ஓரடிக்கு அவன் கிட்டத்தட்ட இரண்டடி வைக்க வேண்டும். உங்களுக்குக் கெண்டைக்கால் அளவு இருக்கும் புல் அவனுக்கு முழங்காலைத் தொடும்.

இருந்தாலும், அடியின் நீளத்தைவிட முக்கியமானது வேறொன்று. நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளர் காரன் அடோல்ஃபும் அவருடைய குழுவினரும், ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுவரையான குழந்தைகள் விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2368 காலடி எடுத்து வைக்கிறார்கள், 17 முறை விழுகிறார்கள் என்று 2012ல் வெளியிட்டார்கள். அந்தக் குழு பின்னர் செய்த ஆய்வு அதைவிடச் சுவையானது: சிறு குழந்தைகளின் நடைகளில் பெரும்பாலானவை எந்த இடத்தையும் சென்றடைவதற்காக நடந்தவை அல்ல. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டியவன்தான். ஆனால் நான்கு வயதிலும் அந்தப் பழக்கம் முழுதாக விட்டுப்போவதில்லை என்பது என் எண்ணம். உச்சிக்குப் போக வேண்டும் என்ற ஆசை உங்கள் இருவருடையது. அவனுக்கு அந்தக் குன்று பாதையின் ஓரத்தில் தூரமாகத் தெரிந்த ஒரு மேடு, அவ்வளவே. பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்தான் என்று எழுதினீர்கள். எதைப் பார்த்து உட்கார்ந்தான் என்று எழுதவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் அதையே செய்தவன். என் மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது, ஏரியில் சூரியன் மறைவதைக் காட்டுவதற்காக அவளை வேகவேகமாக நடத்திச் சென்றேன். வழியில் ஒரு மரவட்டை ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து அதன் கால்களை எண்ணத் தொடங்கினாள். அதன் உடலில் பெரும்பாலான கணுக்களுக்கு இரண்டு இணைக் கால்கள். அவை ஒருசேர எழுவதில்லை, பயிரின் மேல் காற்று ஓடுவதைப்போல் பின்னாலிருந்து முன்னால் அலையாக எழும். (ஆயிரம் கால்களுக்கு மேல் உண்மையிலேயே கொண்ட மரவட்டை ஒன்று 2021ல்தான் அறிவிக்கப்பட்டது, மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்தடியில் கிடைத்த அதற்கு 1306 கால்கள்.) அவள் ஒரு துரும்பால் தொட்டதும் அது சுருண்டுகொண்டது. ‘திரும்பப் பிரியும், இருங்கப்பா’ என்றாள். நான் கையைப் பிடித்து இழுத்துச் சென்றேன். ஏரிக்கரைக்குப் போனபோது மேற்கே முழுவதும் மேகம். திரும்பும்போது அவள் அந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து நின்றாள். அங்கே எதுவும் இல்லை.

ஆகவே தூரத்தைக் கேட்காதீர்கள், நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் வெளியே இருப்பது என்று முடிவு செய்தால், அது முந்நூறு மீட்டராகவும் இருக்கலாம், இரண்டு கிலோமீட்டராகவும் இருக்கலாம். மரத்தடியின் வறண்ட மணலில் புனல் வடிவில் சின்னஞ்சிறு குழிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை குழியானை என்ற பூச்சியின் இளம்புழு தோண்டியவை. புல்லின் நுனியால் சரிவில் ஒரு மணலை உருட்டிவிட்டால், எறும்புதான் விழுந்தது என்று நினைத்து, அடியிலிருந்து அது தலையால் மணலை வாரி வீசும். வெளியே எடுத்து விட்டால் பின்னோக்கி நகர்ந்து மறுபடியும் மண்ணுக்குள் போகும். இதுவே வளர்ந்து தட்டானைப்போல் சிறகடித்துப் பறக்கும் என்று சொன்னால் உங்கள் மகள் முதலில் நம்பமாட்டாள். ஒரு குழியருகே அரை மணி நேரம் போய்விடும்; அந்த அரை மணியில் நீங்கள் நகர்ந்த தூரம் பூச்சியம்.

திரும்பும் வேளையைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். குழந்தை களைத்த பிறகு திரும்பினால், வந்த தூரம் முழுவதையும் களைப்போடு நடக்க வேண்டியிருக்கும். அவன் இன்னும் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். அது மனத்துக்குக் கொஞ்சம் கடினம். தாகத்தை அவன் சொல்லும்வரை காத்திருக்காமல் இடையிடையே நீங்களே தண்ணீர் கொடுங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் வெட்டவெளியில் நடக்காதீர்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று வினாடி ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வினாடிக்குள் எண்ணினால், இடி பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போது தனிமரத்தின் அடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். பொந்துகளில் கையை விடக்கூடாது என்பதைப் புறப்படும் முன்பே இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

மகளின் கேள்வி வேறு வகையானது. ஏழு வயதில் இலக்கு பிடிபட ஆரம்பித்துவிடும்; தம்பி உட்காரும்போதெல்லாம் காத்திருப்பது அவளுக்குத் தண்டனைதான். கடிகாரத்தை அவள் கையில் கொடுத்து, திரும்பும் நேரத்தை அவளே அறிவிக்கட்டும் என்று விட்டுவிடலாம். சில வாரங்களில் உங்களில் ஒருவர் அவளை மட்டும் அந்தக் குன்றுக்கு அழைத்துச் செல்லலாம். ஒரு குடும்பம் எப்போதும் நால்வராகவே நடக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை.

மகனைத் தூக்கிக்கொண்டு திரும்பியதைப் பற்றி வெட்கத்தோடு எழுதியிருப்பதாகத் தோன்றுகிறது. வளரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; தூக்குவதற்கும் சேர்த்தே திட்டமிடுங்கள், முதுகுப்பையின் பாரத்தை முன்கூட்டியே குறைத்துக்கொள்ளுங்கள். அவனைத் தோளில் ஏற்றிய பிறகு மட்டும் வரப்பை விட்டு வண்டிப்பாதைக்கு வந்துவிடுங்கள், ஏனென்றால் வரப்பில் கால் வழுக்கினால் விழுவது இருவர்.