பல்கலைக்கழகக் கண்டுபிடிப்பை லைசென்ஸ் எடுத்துச் சிறு தொழில் செய்யலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

எடுக்கலாம். நாங்கள் எடுத்தோம், கையைச் சுட்டுக்கொண்டோம். அதனால்தான் இந்தப் பதில்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் என் மாமாவுக்கு ஒரு சின்ன உணவுப் பொட்டல ஆலை. ஒரு பல்கலைக்கழகக் கண்காட்சியில், பழங்கள் வாடாமல் இருக்கப் பூசும் பூச்சு ஒன்றைப் பார்த்தார். பூசிய மாம்பழமும் பூசாத மாம்பழமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று தளதளவென்று, மற்றது கறுத்துப்போய். மாமா அங்கேயே மயங்கிவிட்டார். முன்பணம் கட்டி, விற்பனையில் ராயல்டி (ஒரு பங்கு) தருவதாகக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

ஆய்வுக்கூடத்தில் அவர்கள் கலக்கியது ஒரு லிட்டர் குடுவையில். எங்கள் தொட்டி 200 லிட்டர். ஆறிய கஞ்சி மாதிரி கட்டி தட்டியது. எதை முதலில் ஊற்றுவது, எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் கிண்டுவது என்பதற்கெல்லாம் பேட்டண்டில் (காப்புரிமை ஆவணத்தில்) ஓர் அகலமான வரம்புதான் இருந்தது. கைப்பக்குவம் இருந்தது ஒரு முதுகலை மாணவியிடம். அவரோ படிப்பை முடித்து வெளிநாடு போய்விட்டார். பேராசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் கரண்டி பிடித்தவர் அவரில்லையே!

லைசென்ஸ் என்பது ‘நீ செய்துகொள், வழக்குப் போடமாட்டோம்’ என்கிற அனுமதி. செய்முறையைச் சொல்லித் தருவது வேறு கணக்கு. யார் வந்து, எத்தனை நாள் உங்கள் ஆலையில் நின்று கற்றுத் தருவார் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

அப்புறம் பேட்டண்டின் வயது. இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. எந்த நாட்டில் பதிந்திருக்கிறார்களோ அங்கே மட்டும்தான் செல்லும். மலேசியா 2006இல் பன்னாட்டு பேட்டண்ட் ஒப்பந்தத்தில் சேர்ந்தது உண்மைதான். அது விண்ணப்பிக்கும் பாதையைச் சுலபமாக்கியது, அவ்வளவே. சிங்கப்பூருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் அங்கே பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஆய்வுக் கட்டுரை எப்போது வெளிவந்தது என்பதையும் கேளுங்கள். விண்ணப்பத்தைக் கட்டுரை முந்திவிட்டால் ‘இது புதிதில்லை’ என்று பேட்டண்டே கிடைக்காமல் போகலாம்; மலேசியச் சட்டம் ஓராண்டு வரை பொறுத்துக்கொள்ளும், ஐரோப்பா பொறுக்காது.

எல்லாமே இப்படி முடிவதில்லை. நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் (யுஎஸ்எம்) உருவான ‘புருகியா ரேப்பிட்’ சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். யானைக்கால் நோயைத் தரும் புருகியா மலாயி புழுவின் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் இரத்தத்தில் தலைகாட்டும். சுகாதார ஊழியர்கள் ராத்திரியில் வீடு வீடாகப் போய் விரலில் குத்த வேண்டியிருந்தது. இந்தச் சோதனை புழுவைத் தேடாமல் அதற்கெதிராக உடலில் உண்டாகும் எதிர்ப்பொருளைத் தேடுவதால் பகலிலேயே செய்யலாம். உள்ளூர் நிறுவனம் தயாரித்தது. நோய் ஒழிப்புக் கணக்கெடுப்புகளுக்கு உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. வாங்க ஆள் ஏற்கெனவே காத்திருந்தார்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம். மாம்பழப் பூச்சுக்கு அப்படி யார் காத்திருந்தார்கள் என்று நாங்கள் ஒரு பழ வியாபாரியிடம்கூடக் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. முழு லைசென்ஸுக்கு முன்னால், ஆறு மாதம் சோதித்துப் பார்க்கும் உரிமையை மட்டும் சின்னத் தொகைக்குக் கேட்டுப் பாருங்கள். உங்கள் மூலப்பொருளை நீங்களே எடுத்துப்போய், கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை மாமா அப்படித்தான் செய்தார். மூன்றாம் மாதமே ‘வேண்டாம் சார்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.