குளிரில் தண்ணீர் குடிக்காத குதிரை
கனடாவின் கால்கரியில் மைனஸ் 20 டிகிரி குளிர், மாலையில் லாயத்துக்குப் போனால் வாளித் தண்ணீர் பாதி அப்படியே இருக்கிறது, லத்தியும் சின்னதாக இறுகி விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இன்னொரு கம்பளி போர்த்துவது அப்புறம் இருக்கட்டும். முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்.

500 கிலோ குதிரைக்கு நாளைக்கு 25 லிட்டராவது வேண்டும். அது குறைந்தால் காய்ந்த புல் குடலில் அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பாக ஊற்றிப் பாருங்கள். என் குதிரை அப்படித்தான் குடிக்கும். மடக்குக்கு மடக்கு காது அசையும், பார்க்கவே நிம்மதியாக இருக்கும். உப்புக்கட்டியும் வையுங்கள்.

குளிர் தாங்கப் புல்லைக் கூட்டுங்கள், தானியத்தை அல்ல. பெருங்குடலில் புல் நொதிக்கும்போது உடம்பு சூடாகும்.

காலால் தரையைப் பறித்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் அது வயிற்றுவலியாக இருக்கலாம். காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.