கார் இல்லாமல், பஸ்ஸை மட்டும் வைத்து ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கில் மலைநடை போக முடியுமா? எப்படித் திட்டமிடுவது?

முடியும். சுவிட்சர்லாந்தில் பல பள்ளத்தாக்குகளில் கார்காரரைவிட பஸ்ஸில் வருபவருக்குத்தான் வழிகள் அதிகம். காரில் வந்தவர் மாலையில் வண்டி நிற்கும் இடத்துக்கே திரும்பியாக வேண்டும். பஸ்ஸில் வந்தவர் ஓர் ஊரில் ஏறி, மலைச்சரிவு முழுவதும் நடந்து, இன்னோர் ஊரில் இறங்கலாம். தொல்லை ஒன்றே ஒன்று: கடைசி பஸ். அதைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. அன்றைய பயணத்தில் எந்த வண்டி மிகக் குறைவாக ஓடுகிறதோ அதைக் காலையிலேயே பயன்படுத்தி முடித்துவிடுங்கள். நடை முடியும் இடம் அடிக்கடி பஸ் வரும் ஊராகவோ, தங்கியிருக்கும் ஊராகவோ இருக்கட்டும்.

வாலிஸ் மாநிலத்தின் சாஸ் பள்ளத்தாக்கை வைத்துச் சொல்கிறேன். இதற்கு இதைவிடத் தோதான இடம் குறைவு.

போகும் வழி எளிது. ரோன் ஆற்றங்கரையில் உள்ள ஃபிஸ்ப் வரை ரயில். பெர்னிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், சூரிச்சிலிருந்து சுமார் 2 மணி நேரம். 2007-ல் திறந்த 34.6 கிலோமீட்டர் லோட்ச்பெர்க் சுரங்கம்தான் இதைச் சாத்தியமாக்கியது. ஃபிஸ்ப் நிலையத்தின் தெற்கு வாசலில் 511 எண் போட்ட மஞ்சள் போஸ்ட்ஆட்டோ, அதாவது சுவிஸ் அஞ்சல் நிறுவனத்தின் பஸ், நிற்கும். சாஸ்-ஃபே வரை ஏறத்தாழ 50 நிமிடம். வழியில் ஷ்டால்டன் என்ற ஊரில் பள்ளத்தாக்கு கவட்டை போல இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை செர்மாட்டுக்கு, மற்றது சாஸுக்கு. சாஸ் கிளையில் பஸ் பாலன் என்ற ஊரைத் தாண்டி, 1,559 மீட்டர் உயரத்தில் உள்ள சாஸ்-குருண்டுக்கு வரும். அங்கிருந்து ஒரு தடம் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி 1,800 மீட்டரில் உள்ள சாஸ்-ஃபேக்குப் போகும். இன்னொன்று நேராக அல்மகெல் என்ற ஊருக்கு. கோடையில் மட்டும் அதற்கும் மேலே மாட்மார்க் அணை வரை பஸ் உண்டு. வளைவுகளில் தலைசுற்றுபவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள்.

எங்கே தங்குவது? எல்லோரும் சாஸ்-ஃபே என்பார்கள். அழகான ஊர்தான், 1951-ல் சாலை வந்தபோதே கார்களை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு உள்ளே மின்வண்டிகளை மட்டும் ஓடவிட்டார்கள். ஆனால் பஸ்ஸை நம்பி நடப்பவருக்கு என் பரிந்துரை சாஸ்-குருண்ட். மூன்று திசை பஸ்ஸும் அங்கேதான் கூடுகின்றன. சாஸ்-ஃபேயில் தங்கினால் அல்மகெல் பக்கம் போகும் ஒவ்வொரு முறையும் கீழே இறங்கி மாற வேண்டியிருக்கும்.

பள்ளத்தாக்குக்குள் ஓரிரவு தங்கினாலும் விடுதியில் சாஸ்டால் கார்ட் என்ற விருந்தினர் அட்டை தருவார்கள், கேட்டு வாங்குங்கள். பள்ளத்தாக்குக்குள் பஸ் இலவசம். கேபிள் கார் சலுகை பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் அட்டையோடு தரும் தாளைப் படித்துவிடுங்கள். இங்கே பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். ஐந்து நாள் ஒரே பள்ளத்தாக்கில் இருக்கப் போகிறவர் நாடு முழுக்கச் செல்லும் சுவிஸ் டிராவல் பாஸ் என்ற பயணச்சீட்டை வாங்குவது பெரும்பாலும் தேவையற்றது. போக, வர இரண்டு நாள்தான் அதற்கு வேலை. பாதிக்கட்டண அட்டை போதும். ரயில், பஸ், பெரும்பாலான கேபிள் கார் எல்லாவற்றிலும் பாதி விலை. பெர்னிலோ சூரிச்சிலோ உறவினர் வீட்டில் தங்கி ஒரு நாள் மட்டும் வருபவருக்கு விருந்தினர் அட்டை கிடைக்காது. அவர்களுக்கு எஸ்பிபி (சுவிஸ் ரயில்வே) செயலியில் முன்கூட்டியே எடுக்கும் சேமிப்பு நாள் டிக்கெட் லாபம். சீக்கிரம் எடுத்தால் விலை குறைவு.

அதே செயலியில்தான் நேரமும் பார்க்க வேண்டும். ஊர்ப்பெயருக்குப் பின் காற்புள்ளி இருந்தால் அது பஸ் ஸ்டாப், காற்புள்ளி இல்லாமல் வெறும் பெயர் இருந்தால் ரயில் நிலையம். இது தெரியாமல் தேடினால் வேறெங்கோ இருக்கும் நிறுத்தத்தைக் காட்டும். தேதியைச் சரியாகப் போட்டுத் தேடுங்கள். 'இன்று' பார்த்த நேரம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்தாமல் போகலாம், மாட்மார்க் பஸ் பருவம் முடிந்ததும் அட்டவணையிலிருந்தே மறைந்துவிடும். மேலே இறங்கியவுடன் முதல் வேலை, நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் போனில் படம் எடுப்பது. எல்லா நேரமும் 24 மணிக் கணக்கில் இருக்கும். பக்கத்தில் சிறு எண்ணோ குறியோ இருந்தால் கீழே உள்ள விளக்கத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள். 'சனி, ஞாயிறு மட்டும்' என்பது அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது மஞ்சள் வழிகாட்டிப் பலகை. அதில் '3 மணி 20 நிமிடம்' என்று இருந்தால் அது நிற்காமல் நடக்கும் நேரம். சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் வேகம் என்ற அடிப்படையில் போட்ட கணக்கு. ஓய்வு, சாப்பாடு, படம் எடுப்பது எதுவும் அதில் சேராது. மலைநடை பழகாதவர்கள் பலகை நேரத்தை 1.4-ஆல் பெருக்கி, அதோடு முக்கால் மணி நேரம் கூட்டுங்கள். பலகையில் 5 மணி என்றால் உங்களுக்கு 7 மணி 45 நிமிடம். பலகையின் நிறமும் முக்கியம். முழு மஞ்சள் சாதாரணப் பாதை, வெள்ளை-சிவப்பு-வெள்ளை மலைப்பாதை, வெள்ளை-நீலம்-வெள்ளை கயிறும் அனுபவமும் தேவைப்படக்கூடிய பாதை. கடைசியை விட்டுவிடுங்கள்.

இனி நடைகள். வந்திறங்கிய நாளில் சாஸ்-குருண்டிலிருந்து சாஸ்-ஃபே வரை தேவாலயப் பாதையில் ஏறுங்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய 15 சிறு கோயில்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றின் கம்பிக்கதவுக்குப் பின்னும் மரத்தில் செதுக்கிய ஆளுருவங்கள். ஏற்றம் சுமார் 240 மீட்டர். உயரம் உடம்புக்குப் பழக இது போதும். முதல் நாளே 2,500 மீட்டருக்கு மேல் போய்த் தலைவலியோடு உட்காருபவர்கள் அதிகம்.

இரண்டாவது, மாட்மார்க். காலை பஸ்ஸில் அணைக்கு ஏறிவிடுங்கள். 2,200 மீட்டர் உயரத்தில் 120 மீட்டர் உயர மண் அணை. 1965 ஆகஸ்ட் 30 அன்று அல்லாலின் பனியாற்றின் நுனி உடைந்து கட்டுமானத் தொழிலாளர் குடியிருப்பின் மேல் விழுந்து 88 பேர் இறந்தார்கள், அவர்களில் 56 பேர் இத்தாலியர். நினைவிடம் அங்கே இருக்கிறது. ஏரியைச் சுற்றி சுமார் 8 கிலோமீட்டர், ஏறக்குறைய சமதளம், இரண்டரை மணி நேரம். சுற்றி முடித்ததும் பஸ்ஸுக்காகக் காத்திருக்காமல் ஆற்றோரமாக அல்மகெல் வரை இறங்குங்கள். 530 மீட்டர் இறக்கம், இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். நல்ல வெயில் நாளில் மாலைப் பஸ்ஸில் அணையிலிருந்து எல்லோரும் ஒன்றாக ஏறப் பார்ப்பார்கள். அல்மகெல்லிலோ அந்த நெருக்கடி இல்லை, பஸ்ஸும் அடிக்கடி வரும். ஏரியின் தென்கோடியிலிருந்து மோன்டே மோரோ கணவாய்க்கும் பாதை உண்டு. சுமார் 2,850 மீட்டர், அந்தப் பக்கம் இத்தாலி. அதை ஒரே நாளில் பஸ் நேரத்துக்குள் திணிக்காதீர்கள். தாண்டி மக்குஞாகா என்ற இத்தாலிய ஊரில் இறங்கினால் அங்கேயே இரவு தங்கி, மறுநாள் பஸ்ஸில் இறங்கி டோமோடோசோலாவிலிருந்து ரயிலில் பிரிக் வழியாகத் திரும்புவதுதான் முறை.

மூன்றாவது, எனக்குப் பிடித்த பாதை: குரொய்ட்ஸ்போடனிலிருந்து க்ஷ்போன் வரை. சாஸ்-குருண்டிலிருந்து கேபிள் காரில் 2,400 மீட்டருக்கு ஏறி, பள்ளத்தாக்கின் கிழக்குச் சரிவில் சுமார் 15 கிலோமீட்டர் நடந்து, 1,893 மீட்டரில் இருக்கும் க்ஷ்போன் என்ற கார் நுழையாத சிற்றூரில் முடிப்பது. எதிரே மிஷாபெல் மலைத்தொடர் நாள் முழுக்கக் கூடவே வரும். அதில் 4,545 மீட்டர் டோம், முழுக்க சுவிஸ் மண்ணிலேயே நிற்கும் சிகரங்களில் மிக உயர்ந்தது. திசையை மாற்றாதீர்கள். க்ஷ்போனிலிருந்து தொடங்கினால் மொத்த ஏற்றமும் கூடும், மேல்முனையில் கேபிள் கார் மாலையில் சீக்கிரமே நின்றுவிடும். இப்படிப் போனால் நிகர இறக்கம் 500 மீட்டர். நடுவில் ஏறி இறங்கும் துண்டுகள் உண்டு. பலகை நேரம் 5 மணியை ஒட்டி வரும். மேலே சொன்ன கணக்கைப் போட்டால், முதல் கேபிள் காரிலேயே ஏற வேண்டும் என்பது புரியும். இடையில் சாப்பாடு கிடைக்கும் என்று எண்ணாமல் மதிய உணவும் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரும் கொண்டுபோங்கள்.

இந்த நடையில் பிசகும் இடம் க்ஷ்போன் கேபிள் கார். ஷ்டால்டன்ரீடில் மாறி, ஷ்டால்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். பெட்டி சின்னது. முன்னால் ஒரு குழு நின்றால் அடுத்த நடைக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே கடைசி வண்டிக்கு அல்ல, அதற்கு முந்தையதுக்குக் குறி வையுங்கள். ஷ்டால்டன் வந்துவிட்டால் கவலை இல்லை, 511 மாலையிலும் ஓடும். தவறவிட்டால் ஷ்டால்டன்ரீட் வரை 840 மீட்டர் கால்நடையாக இறக்கம். முழங்கால் அதை மறுநாள் முழுக்க ஞாபகப்படுத்தும்.

நான்காவது, கிரேஹன் - சாஸ்-ஃபே உயர்பாதை. கிரேஹன், செர்மாட் கிளைப் பக்கத்து மலையூர். கடினமானது: 17 கிலோமீட்டருக்கு மேல், பலகை நேரமே 6 முதல் 7 மணி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கம்பி பிடித்துப் போகும் இடங்கள், கல் உருளும் இடங்கள் இருக்கின்றன. உயரம் கண்டால் நடுங்குபவர்களுக்கு வேண்டாம். திறந்திருக்கிறதா என்று முந்தின நாள் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பலர் சாஸ்-ஃபேயிலிருந்து தொடங்கி, மாலையில் கிரேஹனில் களைத்து நின்றபடி பஸ், ரயில், பஸ் என்று மூன்று வண்டி மாறி வீடு திரும்புவார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். காலையில் பஸ்ஸில் ஷ்டால்டன், ரயிலில் சாங்ட் நிக்லவுஸ், பஸ்ஸில் கிரேஹன், கேபிள் காரில் ஹன்னிகால்ப். அங்கிருந்து சாஸ்-ஃபே நோக்கி நடை. காலையில் இரண்டு மணி நேரம் போகும், அவ்வளவுதான். மாலையில் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தாலும் கீழே இறங்க பஸ் இருக்கும்.

பஸ் பழக்கங்கள் சில. சிறு நிறுத்தங்களில் வண்டி தானாக நிற்காது. கையை நீட்டுங்கள், உள்ளே இருந்தால் பொத்தானை அழுத்துங்கள். பெரிய முதுகுப்பையைப் பக்கவாட்டுப் பெட்டியில் போட்டால் எங்கே இறங்குகிறீர்கள் என்று ஓட்டுநரிடம் சொல்லுங்கள். ஊன்றுகோலை மடக்கி, நுனி கீழே இருக்கும்படி பிடியுங்கள். பத்துப் பேருக்கு மேல் என்றால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். மலைச்சாலையில் நடக்கும்போது மூன்று சுரத்தில் ஒரு ஹாரன் கேட்டால் உடனே ஓரமாக ஒதுங்குங்கள், வருவது போஸ்ட்ஆட்டோ. ரோசினியின் 'வில்லியம் டெல்' ஓபராவிலிருந்து எடுத்த சுரங்கள் அவை. நீலப் பலகையில் மஞ்சள் கொம்பு வரைந்த சாலைகளில் கார்காரர்கள் பஸ் ஓட்டுநர் சொல்படிதான் ஒதுங்க வேண்டும்.

தண்ணீர் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஊர் நடுவில் ஓடும் மரத்தொட்டிக் குழாய்களில் பிடிக்கலாம், 'கைன் ட்ரிங்க்வாசர்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

காலம்: ஜூலை முதல் செப்டம்பர் இறுதி வரை நிம்மதி. ஜூனில் 2,500 மீட்டருக்கு மேல் நிழல் சரிவுகளில் கெட்டிப்பனி கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வழக்கம். பலத்த காற்றோ மின்னலோ வந்தால் கேபிள் கார் அறிவிப்பில்லாமல் நிற்கும், உங்கள் திட்டத்தின் ஒரு கால் அங்கேயே முறிந்துவிடும். இந்தப் பள்ளத்தாக்குக்கு வெளியே போகச் சாலை ஒன்றே ஒன்று. 2024 ஜூன் இறுதியில் கனமழையில் சாஸ்-குருண்டுக்குள் சேறும் பாறையும் புகுந்ததை மனதில் வைத்து, பெருமழை எச்சரிக்கை இருக்கும் நாளுக்கு மறுநாளில் விமானம் இருந்தால் மழைக்கு முந்தின நாளே ஃபிஸ்புக்கு இறங்கிவிடுங்கள். செயலியில் அந்தத் தடத்துக்கு மேல் சிவப்பில் இடையூறு அறிவிப்பு தெரிகிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள்.

மலையில் விபத்து என்றால் வாலிஸில் அழைக்க வேண்டிய எண் 144. நாட்டின் பிற பகுதிகளில் ஹெலிகாப்டர் மீட்புக்குச் சொல்லும் 1414 இங்கே முதல் எண் அல்ல. கடைசியாகக் கடந்த மஞ்சள் பலகையின் பெயரையும் அதில் எழுதியிருக்கும் உயரத்தையும் சொன்னால் உங்களைக் கண்டுபிடிப்பார்கள். அதனால் ஒவ்வொரு பலகையையும் கடக்கும்போது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.