28 லட்சத்துக்குப் பழைய பாக்ஸ்டர்: இரண்டாவது காராக வாங்கலாமா?

உங்கள் கேள்வி இது: வீட்டில் இன்னோவா இருக்கிறது. பெங்களூரில் ஒரு டீலரிடம் 2010 போர்ஷே பாக்ஸ்டர் எஸ் பார்த்திருக்கிறீர்கள்: இரண்டு சீட்டு, துணிக் கூரை மடங்கும் ஸ்போர்ட்ஸ் கார். பிடிகே (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ், கர்நாடகப் பதிவு, "வெறும் 38,000 கிலோமீட்டர்", விலை 28 லட்சம். சென்னைக்குக் கொண்டுவந்து ஞாயிற்றுக்கிழமை வண்டியாக வைத்துக்கொள்ளலாமா?

வாங்கலாம். ஆனால் நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் அந்த "வெறும் 38,000"தான் எனக்குக் கவலை. 15 வருஷத்தில் 38,000 என்றால் மாதத்துக்குச் சுமார் 210 கிலோமீட்டர்தான். இந்த மாதிரி வண்டி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். 80,000 ஓடி, வருஷா வருஷம் ஆயில் மாற்றின பில் இருக்கிற வண்டியும் இதுவும் பக்கத்தில் நின்றால், கண்ணை மூடிக்கொண்டு 80,000 வண்டியை எடுங்கள் என்பேன். டீலர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்குக் குறைந்த கிலோமீட்டர்தான் விலை.

முதலில் நல்ல செய்தி. பாக்ஸ்டர் என்றதும் எல்லோரும் பயமுறுத்துவது ஐஎம்எஸ் பேரிங்கைச் சொல்லி. இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் அது. உடைந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். 2000க்கும் 2005க்கும் இடையில் வந்த வண்டிகளில்தான் அது அதிகம் படுத்தியது. 2006 முதல் 2008 வரை பெரிய பேரிங் போட்டார்கள். அது உடைவது குறைவு, ஆனால் இன்ஜினை இரண்டாகப் பிரிக்காமல் மாற்ற முடியாது. 2009ல் வந்த இரண்டாம் கட்ட 987ல் (987 என்பது இந்த பாக்ஸ்டருக்கு போர்ஷே வைத்த மாடல் எண்), அதாவது நீங்கள் பார்த்திருக்கும் தலைமுறையில், அந்தத் தண்டே கிடையாது. புது வடிவமைப்பு, 3.4 லிட்டர், 310 குதிரைத்திறன், நேரடி எரிபொருள் செலுத்தல். பழைய 3.4 இன்ஜினில் வந்த சிலிண்டர் சுவர் கீறல் தொல்லையும் இதில் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஆக "பாக்ஸ்டரா, ஐஎம்எஸ் போயிடும்" என்று உங்களிடம் சொன்னவர் வேறு வருஷத்து வண்டியைப் பற்றிச் சொல்கிறார். பதிவு வருஷத்தை நம்பாமல் ஆர்சியில் உள்ள உற்பத்தி மாதத்தைப் பாருங்கள். 2008ல் தயாராகி 2010ல் பதிவான வண்டி என்றால் மேலே சொன்ன பழைய கணக்காக இருக்கலாம்.

இந்தத் தலைமுறைக்கென்று இருக்கும் தொல்லைகள் இரண்டு. ஒன்று, உயர் அழுத்த பெட்ரோல் பம்ப். சூடான இன்ஜினை அணைத்து கால் மணி நேரம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது நெடுநேரம் இழுத்தால் முதல் சந்தேகம் அதன்மேல். இரண்டு, பிடிகே பெட்டிக்குள் இருக்கும் சென்சார். கெட்டால் ரிவர்ஸ் விழாது, அல்லது ஒன்றுவிட்டு ஒன்று கியர் காணாமல் போகும், மீட்டரில் எச்சரிக்கை வரும். இதற்கு முழு கியர்பாக்ஸையே மாற்றச் சொல்லும் இடங்கள் உண்டு. பெட்டியைப் பிரித்து சென்சாரை மட்டும் மாற்றத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு எஸ்டிமேட்டுக்கும் நடுவில் பல லட்சம் வித்தியாசம் வரும். பிடிகேயில் கிளட்ச் ஆயில் தனி, கியர் ஆயில் தனி. கிளட்ச் ஆயிலை ஆறு வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றியிருக்க வேண்டும். "அது லைஃப்டைம் ஆயில் சார்" என்று டீலர் சொன்னால், மாற்றவே இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நின்று கெடும் சமாச்சாரங்கள்.

ரேடியேட்டர்கள் முன் பம்பருக்குள் இடமும் வலமும் இருக்கின்றன. பம்பரில் உள்ள திறப்பு வழியாகச் சருகும் மண்ணும் உள்ளே போய், ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மெத்தை மாதிரி சேரும். மழையில் நனைந்து, காயாமல், அலுமினியத்தை அரிக்கும். டார்ச் அடித்து அந்தத் திறப்புக்குள் பாருங்கள்: ஈரமான கறுப்புக் குப்பை தெரிந்தால், பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்ததே இல்லை. வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பொடி படிந்திருந்தால் கூலன்ட் கசிந்து காய்ந்திருக்கிறது. பிறகு ஏசி போட்டு 20 நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, இரண்டு பக்கத் திறப்புக்கும் முன்னால் கையை வையுங்கள். விசிறி இரண்டும் சுற்றுகிறதா என்று கையே சொல்லும். ஒன்று மட்டும் சுற்றும் வண்டி பெங்களூர்க் குளிரில் தப்பிக்கும். மே மாதம் கத்திபாரா நெரிசலில் தப்பிக்காது.

கூரைத் துணியை மடக்கும் இடத்துக்குக் கீழே இரு பக்கமும் மழைநீர் வடியும் துளைகள் உண்டு. மரத்தடியில் நின்ற வண்டியில் அவை அடைத்துக்கொள்ளும்; தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் இறங்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் உள்ள ஸ்பாஞ்ச் மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். சீட்டுக்குப் பின்னால் விரலைவிட்டு அழுத்திப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். வயரிங் அந்த வழியாகத்தான் போகிறது.

டயர் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 1218 என்றால் 2018ன் 12வது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஆறேழு வருஷம் தாண்டிய டயர் இந்த வேகத்துக்கு ஆகாது. 18 இஞ்ச் வீலில் முன்னால் 235/40, பின்னால் 265/40. அளவு வேறு என்பதால் முன்பின் மாற்றிப் போட முடியாது. நாலும் புதிதாக வாங்கும் செலவைப் பேரத்திலேயே கழியுங்கள். இக்னிஷன் காயில் ஆறும் கீழே, சைலன்சர் சூட்டுக்கும் சாலைத் தண்ணீருக்கும் பக்கத்தில் இருக்கின்றன. பிளாஸ்டிக் வெடித்துவிடும், மழை நாளில் இன்ஜின் தடுமாறும். இந்த வண்டியில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருப்பதால் மூடியைத் திறந்தால் தெரியாது, எல்லாம் கீழிருந்தோ கூரையை ஏற்றியோதான். லிஃப்டில் ஏற்றாமல் பார்த்தேன் என்று யார் சொன்னாலும் அது பார்த்ததில் சேராது.

கிலோமீட்டர் உண்மையா என்பதற்கு ஒரு வழி. போர்ஷேவுக்கான டயக்னாஸ்டிக் கருவியைப் போட்டு இன்ஜின் கணினியிலிருந்து அதிசுழற்சி அறிக்கையைக் கேளுங்கள். இன்ஜின் எல்லை தாண்டிச் சுற்றியதை ஆறு படிகளாகப் பிரித்து எண்ணி வைத்திருக்கும். மேல் படிகள் பூஜ்யமாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அதே அறிக்கையில் இன்ஜின் மொத்தம் ஓடிய மணிநேரம் வரும். 38,000ஐ அதால் வகுங்கள். 1,400 மணி என்றால் சராசரி வேகம் 27. நகரத்து வண்டிக்கு நம்பலாம். 3,000 மணி என்றால் சராசரி 13கூட வராது. அப்போது ஒன்று மீட்டர் திருத்தப்பட்டிருக்கிறது, இல்லை ஏசி போட்டு நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் ஓடியிருக்கிறது. இரண்டுமே உங்களுக்கு வேண்டாம். மீட்டரைத் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணைத் தொடுவதில்லை.

பார்க்கப் போகும் நாளில் வண்டியை முன்கூட்டி ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லி வையுங்கள். போனதும் சைலன்சர் முனையைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் டிக்டிக் சத்தமும் புகையும் தெரியும். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் புகை வந்து மறைவது இந்த வகை இன்ஜினுக்கு இயல்பு. வெள்ளைப் புகை மேகமாக வந்து நிற்காமல் போனால் எண்ணெய்-ஆவி பிரிப்பான் கிழிந்திருக்கும்.

பெங்களூர் வண்டி என்பதால் வெள்ளத்தையும் பார்த்துவிடுங்கள். 2022 செப்டம்பரில் எமலூர், பெல்லந்தூர் பக்கம் விலை உயர்ந்த கார்கள் வரிசையாக மூழ்கின. சென்னை வண்டி என்றாலும் இதே கதைதான், 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாமும் இருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுக்க, கடைசிவரை வெளியே இழுங்கள். கடைசி அரை மீட்டரில் மண் நிறக் கோடு இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, ஃபியூஸ் பெட்டிக்குள் பச்சைப் பூசணம் ஆகியவையும் அதே சாட்சிகள்.

காகித வேலையை எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள், இந்த வண்டிக்கு அதுதான் முதலில். 2010ல் பதிவான தனியார் காரின் ஆர்சி 15 வருஷத்தோடு முடிகிறது. புதுப்பித்தால் ஐந்து வருஷம் கிடைக்கும். 2022 ஏப்ரலிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் சாதாரண காருக்கு 5,000, இறக்குமதி காருக்கு 40,000 ரூபாய். விற்பவரே கர்நாடகத்தில் புதுப்பித்துத் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகு படிவம் 28ல் என்ஓசி (தடையில்லாச் சான்று), பெயர் மாற்றத்துக்கு 29, 30, கடன் இருந்திருந்தால் 35. மாநிலம் மாறி 12 மாதத்துக்குள் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய வரி எவ்வளவு, பசுமை வரி எவ்வளவு என்று உங்கள் ஆர்டிஓவில் கேட்டு, அந்தத் தொகையையும் 28 லட்சத்தோடு கூட்டிய பிறகு டோக்கன் கொடுங்கள். பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டால் கடன் பாக்கி, அபராத பாக்கி, இன்சூரன்ஸ் மூன்றும் தெரியும். இறக்குமதி வண்டி என்பதால் சுங்கம் கட்டின பில் நகலும் கேளுங்கள். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை "நும்கோர்" என்ற பெயரில் பூடான் வழி வந்த வண்டிகளைத் தேடித் தேடிப் பறிமுதல் செய்தது. நியாயமாகப் பணம் கொடுத்து வாங்கியவர்களும் அதில் மாட்டினார்கள்.

செலவு பற்றி. எட்டு லிட்டர் அளவில் ஆயில், பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பிளக் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை. இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது எதிர்பாராமல் வருவது. வாங்கும் விலையில் கால் பங்கை, உங்கள் கணக்கில் ஏழு லட்சத்தை, தொடாமல் தனியாக வையுங்கள். அது இல்லாமல் 28 லட்சத்தையும் துடைத்துக் கொடுப்பதாக இருந்தால் வாங்காதீர்கள். 20 லட்சத்துக்குள் வேறு வண்டி பாருங்கள். பெட்ரோலிலும் ஆக்டேன் எண்ணைப் பாருங்கள். போர்ஷே சொல்வது 98, குறைந்தது 95 போட வேண்டும். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலப்பு இந்த வருஷத்து வண்டியை மனதில் வைத்துச் செய்ததல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை ஊறவைக்கும். அதனால் பெட்ரோல் குழாய்களை வாங்கின கையோடு மாற்றுங்கள், அரை டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

"இதுக்குப் புது எஸ்யூவி வாங்கலாமே, நம்ம ரோட்டுல இது ஓடுமா" என்று கேட்பவர்கள் வருவார்கள். இரண்டு சீட்டு, முன்னால் 150 லிட்டர், பின்னால் 130 லிட்டர் டிக்கி. குடும்பத்துக்கு இன்னோவா இருக்கிறது, அதனால் அந்தக் கேள்வி உங்களுக்குப் பொருந்தாது. ரோடு பற்றி மட்டும் அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் தப்பு வண்டியின்மேல் இல்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அளவில் இருந்தால் தாழ்ந்த வண்டியும் சாய்வாக ஏறி அடிபடாமல் இறங்கும். நம் தெருக்களில் ஒரு முழ அகலத்தில் அரையடி உயரத்துக்குத் தார் கொட்டி, வெள்ளைக் கோடுகூட அடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பைக்கில் கைக்குழந்தையோடு போகிறவர் தூக்கியெறியப்படுவதும், ஆம்புலன்சில் முதுகெலும்பு உடைந்தவர் கிடந்து அலறுவதும் அதே தடையில்தான். விதி புத்தகத்தில் இருக்கிறது, அளந்து பார்க்க ஒரு டேப் போதும், அளப்பவர் யாரும் இல்லை. கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடைசியாக, வாங்குவதா என்பதைத் தீர்மானிக்க உங்கள் வாரத்தைப் பாருங்கள். வாரம் ஒருமுறை, 40 நிமிஷம், ஆயில் முழுதாகச் சூடாகும் வரை, ஈசிஆரிலோ ஓஎம்ஆரிலோ விடிகாலையில் ஓட்ட முடியுமா? முடியும் என்றால் வாங்குங்கள். மாதம் ஒருமுறைதான் முடியும் என்றால் வேண்டாம், வாங்கினாலும் மேலே எழுதியதெல்லாம் உங்கள் வண்டிக்கு நடக்கும். ஊரில் இல்லாத நாட்களில் பேட்டரிக்கு மெயின்டெய்னர் சார்ஜர் மாட்டிவிட்டுப் போங்கள். பேட்டரி முன் டிக்கிக்குள் இருக்கிறது, அந்த டிக்கியோ மின்சாரத்தில் திறப்பது. சார்ஜ் முழுக்க இறங்கிவிட்டால் டிக்கியே திறக்காது. அப்போது கால் வைக்கும் இடத்தில் உள்ள ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, வெளியே இழுக்கக்கூடிய சிவப்பு முனையில் வேறு பேட்டரியின் பாசிட்டிவையும், கதவுச் சட்டத்தில் உள்ள பூட்டுக் கொக்கியில் நெகட்டிவையும் கொடுத்தால் டிக்கியைத் திறக்க முடியும். வாங்கும் நாளிலேயே டீலரை அந்த முனையைக் காட்டச் சொல்லுங்கள்.